பழைய சீசாவில் ‘டிஃப்லாப்ஸ் ப்ராமினஸ்’: புழுப்பாம்புக்கு இன்று என்ன பெயர் எழுதுவது?

சீசா_சீட்டு:
கல்லூரி விலங்கியல் காட்சியகத்துச் சீட்டுகளை மாற்றி எழுதும் வேலை. புழுப்பாம்பு சீசாக்கள் ஐந்து இருக்கின்றன. மூன்றில் ‘டிஃப்லாப்ஸ் ப்ராமினஸ்’, ஒன்றில் ‘ராம்ஃபோடிஃப்லாப்ஸ் ப்ராமினஸ்’, ஐந்தாவதில் வெறும் ‘டிஃப்லாப்ஸ்’. முதல் மூன்றும் திருச்சி வளாகத் தோட்டத்தில் எடுத்தவை. நான்காவது ஏற்காடு. ஐந்தாவதில் இடம் இல்லை, ஆனால் நீளம் 41 செ.மீ. புதிய புத்தகங்களில் ‘இண்டோடிஃப்லாப்ஸ் ப்ராமினஸ்’ என்று பார்க்கிறேன், ஓரிடத்தில் ‘விர்கோடிஃப்லாப்ஸ்’ என்றும் இருந்தது. ஐந்துக்கும் இண்டோடிஃப்லாப்ஸ் என்று எழுதிவிடலாமா?

செதில்கணக்கு:
வேண்டாம். பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதினால், 60 வருஷத்துக்கு முன் யாரோ தப்பாகப் பார்த்ததற்கு நீங்கள் புதுச் சட்டை போட்டு விடுவதாகத்தான் ஆகும். முதலில் உள்ளே இருப்பது எது என்று பாருங்கள். பெயர் அப்புறம்.

41 செ.மீ. என்ற ஒரு எண்ணே ஐந்தாவதைத் தள்ளிவிடுகிறது. ப்ராமினஸ் பெரும்பாலும் 10 முதல் 16 செ.மீ.க்குள் நிற்கும். 20 செ.மீ. என்பதே அபூர்வம். அந்தச் சீசாவைத் தனியே வையுங்கள்.

மற்ற நான்குக்கும் செய்ய வேண்டியது:

உயிரியை வெளியே எடுத்து, வடிதாளில் சாராயத்தை ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் அப்படியே விடுங்கள். மேல்பரப்பு லேசாக உலரும்போது செதில் ஓரங்கள் வெளிர்கோடாகத் தெரியும். அந்த நேரம்தான் எண்ணுவதற்கு ஏற்றது. அதற்குமேல் உலர விடாதீர்கள், தோல் சுருங்கும். தொட்டுத் தொட்டு ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். 10 மடங்கு கைலென்ஸ் செதில் வரிசைக்குப் போதும். தலைக்கு இருகண் நுண்ணோக்கி வேண்டும்.

வரிசை எண்ண மூன்று இடம்: தலைக்குப் பின் சற்றுத் தள்ளி, நடு உடல், கழிவாய்க்கு முன். இந்தப் பாம்புகளுக்கு வயிற்றில் அகலச் செதில் கிடையாது, சுற்றிலும் ஒரே மாதிரி. அதனால் எங்கே தொடங்கினோம் என்பது தொலைந்துபோகும். மெல்லிய பூச்சி ஊசியின் நுனியை ஒரு செதில்மேல் வைத்து, பென்சிலால் புள்ளி இடுங்கள். அங்கிருந்து நேர்க்கோட்டில் போகாமல் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று வளைந்து வளைந்து போனால் தொடங்கிய செதிலுக்கே வந்து சேரலாம். ஒரே பக்கமாகச் சாய்ந்து போனால் திருகாணி மாதிரி அடுத்த சுற்றுக்குள் நுழைந்துவிடுவீர்கள், எண் 22, 23 என்று ஏறும். ஒற்றைப்படை வந்தால் மறுபடி எண்ணுங்கள்.

ப்ராமினஸ் என்றால் மூன்று இடத்திலும் 20. அது இல்லையென்றால் ப்ராமினஸ் இல்லை. ஆனால் 20 வந்துவிட்டதால் மட்டும் ப்ராமினஸ் ஆகிவிடாது. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது தலை. பக்கவாட்டில் வைத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்: முனைச் செதில், மூக்குச் செதில், கண்முன் செதில், கண் செதில். கீழே மேலுதட்டுச் செதில்கள் நான்கு. மூக்குத் துளையிலிருந்து ஒரு பிளவுக்கோடு மேலே போகும், இன்னொன்று கீழே போகும். கீழே போகும் கோடு எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. ப்ராமினஸில் அது பின்னோக்கி வளைந்து கண்முன் செதிலைத் தொடும். பெரும்பாலான மற்ற இனங்களில் நேரே கீழே இறங்கி இரண்டாம் மேலுதட்டுச் செதிலில் முடியும். இந்த ஒரு கோட்டுக்காக மீதி எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பேன்.

தோல் உரிக்கும் பருவத்தில் செத்தது என்றால் தலை முழுக்க பால் படிந்தது போல இருக்கும், கோடு தெரியாது. அப்போது தலையின் ஒரு பக்கத்து மேல்தோலை மட்டும் இடுக்கியால் மெல்ல நீக்கினால் அடியில் புதுத்தோலில் கோடு தெளிவாக இருக்கும்.

பூந்தொட்டி:
நிறத்தை யாரும் சொல்லவில்லையே? கறுப்பாக, வாயடியும் வால்நுனியும் வெளுத்து இருந்தால் அதுதானே?

செதில்கணக்கு:
உயிரோடு இருக்கும்போது உதவும். முகவாய், கழிவாய்ப் பகுதி, வால்நுனி வெளுத்திருப்பது நல்ல அடையாளம். ஆனால் சீசாவில் எல்லாமே சில வருஷத்தில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். உரிக்கப் போகும் சமயத்தில் உயிருள்ளதே சாம்பல் நீலமாகத் தெரியும். நிறத்தை வைத்துச் சீட்டு எழுத வேண்டாம்.

பெயர்வழி:
பெயர் எப்படி இத்தனை முறை மாறியது என்பதைச் சொல்கிறேன். சீட்டு எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பெயரும் அந்தச் சீசா எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

தொடக்கம் விசாகப்பட்டினம். கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல் 1796ல் வெளியிட்ட சோழமண்டலக் கரைப் பாம்புகள் நூலில் 43ஆம் படம் இந்தப் பாம்பு. அவர் லத்தீன் பெயர் வைக்கவில்லை. ஊரார் சொன்னதை அப்படியே ‘ரொண்டூ தலூலூ பாம்’ என்று காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். தெலுங்கில் ரெண்டு தலை பாம்பு என்று பொருள். 1803ல் பாரிஸில் ஃபிரான்சுவா மரி டோடான் அந்தப் படத்தையும் குறிப்பையும் அடிப்படையாக வைத்து ‘எரிக்ஸ் ப்ராமினஸ்’ என்று பெயரிட்டார். எரிக்ஸ் என்பது மண்ணுளிப் பாம்பின் பேரினம். இரண்டுக்கும் வால் மழுங்கி, தலையும் வாலும் ஒன்று போல் இருப்பதால் அந்தச் சேர்க்கை.

1820ல் மெர்ரெம் இதையே ‘டார்ட்ரிக்ஸ் ரஸ்ஸெலி’ என்றார். ஏற்கெனவே பெயர் இருக்கும்போது வைத்த தேவையற்ற மாற்றுப் பெயர், அதனால் நிற்கவில்லை. 1829ல் குவியே டிஃப்லாப்ஸுக்குக் கொண்டுவந்தார். டிஃப்லாப்ஸ் 1811ல் ஓப்பல் ஏற்படுத்திய பேரினம். உலகத்துக் குருட்டுப் பாம்பெல்லாம் அதில் போய் விழுந்தன. உங்கள் முதல் மூன்று சீட்டும் அந்த மரபில் எழுதியவை.

1970களில் ஆண் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பை வைத்து ஆசிய, ஆஸ்திரேலிய இனங்களைப் பிரித்தார்கள். பிரித்த கூட்டத்துக்கு டிஃப்லினா என்ற 1830ஆம் ஆண்டுப் பெயரா, ஃபிட்ஸிங்கரின் 1843ஆம் ஆண்டுப் பெயரான ராம்ஃபோடிஃப்லாப்ஸா என்று வழக்கு. மூத்தது டிஃப்லினாதான். ஆனாலும் விலங்கியல் பெயரீட்டு ஆணையம் 1982ல் டிஃப்லினாவை ஒதுக்கி ராம்ஃபோடிஃப்லாப்ஸைக் காப்பாற்றியது. நான்காவது சீட்டு அநேகமாக அதற்குப் பிற்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ராம்ஃபோடிஃப்லாப்ஸை வரையறுத்தது ஆணின் உறுப்பு. ப்ராமினஸில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், கருவுறாத முட்டையிலிருந்தே குஞ்சு. 1974ல் மக்டவல் இதை எழுப்பினார், 1980ல் நுஸ்பாம் சீசெல்ஸ் தீவுகளின் மாதிரிகளை வைத்து வலுப்படுத்தினார், 1987ல் வின், கோல், கார்டனர் மூவரும் இதற்கு மூன்று தொகுதி குரோமோசோம், மொத்தம் 42 என்று காட்டினார்கள். ஆணின் உறுப்பால் வரையறுத்த பேரினத்தில் ஆணே இல்லாத இனம் 30 வருஷத்துக்கு மேல் குடியிருந்தது. 2014ல் ஹெட்ஜஸும் குழுவினரும் டிஎன்ஏ மரத்தை வைத்து டிஃப்லாப்ஸ் குடும்பத்தை உடைத்துக் கட்டியபோதுதான் இந்தியக் கூட்டத்துக்கு ‘இண்டோடிஃப்லாப்ஸ்’ வந்தது.

இவ்வளவு நடந்தும் ‘ப்ராமினஸ்’ என்ற இரண்டாம் சொல் 1803லிருந்து அசையவில்லை. டோடான் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் போட வேண்டும். அவர் வைத்த பேரினம் இது இல்லை என்பதற்கு அந்த அடைப்புதான் அடையாளம். அடைப்பில்லாமல் எழுதினால் டோடானே இண்டோடிஃப்லாப்ஸ் என்று வைத்ததாக அர்த்தமாகிவிடும்.

வரிசை_மாறாதவன்:
விர்கோடிஃப்லாப்ஸ் பற்றியும் சொல்லுங்கள் சார். 2020ல் வாலக் வைத்தது. கன்னி என்ற பொருளில். தலையின் சுரப்பி வரிசை, மூக்குப் பிளவு இரண்டும் மற்ற இண்டோடிஃப்லாப்ஸில் இல்லை என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒரே பார்வையில் பிரித்தறிய முடிகிற இனத்துக்குத் தனிப் பேரினம் இருந்தால் என்ன கெடுதல்?

பெயர்வழி:
கெடுதல் அதற்கு இல்லை, மீதிக்கு. ஒரு கிளையின் நடுவிலிருந்து ஒரு சிறு கொப்பை முறித்துத் தனிப் பேரினம் என்றால், மிச்சமிருக்கும் இண்டோடிஃப்லாப்ஸ் ஒரு முழுக் கிளையாக நிற்காது. அடையாளம் காண எளிது என்பது இனத்தைப் பிரிக்க நல்ல காரணம். பேரினம் உறவைச் சொல்ல வேண்டியது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள உயிர் கலப்பில் பிறந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய் வழியை மட்டும் சொல்லும். மற்றத் தொகுதி எங்கிருந்து வந்தது என்பதை உட்கரு மரபணுவில்தான் தேட வேண்டும். அதனால் ஒரு மரத்தில் ப்ராமினஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கும்போது, எந்த மரபணுவில் வரைந்த மரம் என்று முதலில் கேளுங்கள்.

வரிசை_மாறாதவன்:
அப்படியானால் கலப்புக்கு இனப்பெயர் செல்லுமா? விலங்கியல் பெயரீட்டு விதிநூல் கலப்புயிரை விலக்குகிறது என்று படித்தேன்.

பெயர்வழி:
நல்ல கேள்வி. இரண்டும் வேறு. கோவேறு கழுதை மாதிரி இரண்டு இனம் கலந்து பிறக்கும் தனி உயிருக்கு, கலப்பு என்று தெரிந்தே வைக்கும் பெயரை விதிநூல் ஏற்பதில்லை. ஆனால் கலப்பில் தோன்றி, பிறகு தானே பெருகி, தன் வழியில் தொடரும் ஓர் இனத்தின் பெயர் செல்லும். விதி 17.2 பாருங்கள். ப்ராமினஸ் இரண்டாவது வகை.

ஆனால் விதி 23.8ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பெயர் கலப்புயிருக்கு வைத்தது என்று பின்னால் தெரிந்தால், அது மூத்த பெயர் என்பதற்காகத் தாய் இனத்துக்கோ தகப்பன் இனத்துக்கோ அதைச் சூட்டக் கூடாது. நாளைக்கு குந்தர் 1864ல் விவரித்த ‘பம்மெசெஸ்’ என்ற இனம்தான் பெற்றோரில் ஒன்று என்று உறுதியானாலும், ‘1803 மூத்தது, ஆகவே பம்மெசெஸும் ப்ராமினஸே’ என்று யாரும் ஓடிவர முடியாதபடி அந்த விதி தடுக்கிறது என்பது என் வாசிப்பு.

காட்சியகச் சீட்டுக்கு என் யோசனை: இண்டோடிஃப்லாப்ஸ். விர்கோடிஃப்லாப்ஸைப் பதிவேட்டில் குறித்துவையுங்கள்.

வடமராட்சி:
இலங்கைப் பக்கம் இருந்து ஒன்று. இஞ்ச 20 வரிசை எண்டதை மட்டும் நம்பினால் நிச்சயம் பிழைக்கும். டெய்லர் 1947ல் விவரித்த லங்காயென்சிஸ், மால்கமி, டெனெப்ரேரம், வெட்டே, வயலேசியஸ் எல்லாம் இப்ப இண்டோடிஃப்லாப்ஸில்தான். பூலெஞ்சே 1890ல் விவரித்த லூக்கோமெலாசும் இருக்குது. இலங்கைச் சீசா ஏதும் உங்களிட்ட வந்தால் மூக்குப் பிளவைப் பாராமல் ப்ராமினஸ் எண்டு எழுதிப்போடாதேங்கோ. அப்பிடி எழுதின ஒரு சீசாவுக்குள்ளதான் யாரும் தேடுற இனம் கிடக்கும்.

சீசா_சீட்டு:
எண்ணி முடித்தேன். திருச்சி மூன்றும் 20-20-20. இரண்டில் கீழ்ப் பிளவு கண்முன் செதிலைத் தொடுகிறது, தெளிவாக. மூன்றாவதில் தலை நசுங்கியிருக்கிறது, இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வலப்பக்கம் தொடுவது போலத்தான் இருக்கிறது.

ஏற்காடு: 18-18-18. மூன்று முறை எண்ணினேன். தலைச் செதில்கள் முழுக்கப் பொரிப்பொரியாக, ரவை தூவியது போல் இருக்கிறது. அழுக்கா என்று தூரிகையால் தேய்த்தேன், போகவில்லை.

பெரியது: 28 வரிசை. மூக்கு கிளி அலகு மாதிரி கீழ்நோக்கி வளைந்து, ஓரம் கூர்மையாக இருக்கிறது.

செதில்கணக்கு:
தேய்த்ததை அத்தோடு நிறுத்துங்கள். அது அழுக்கு அல்ல, சுரப்பிகள். ப்ராமினஸில் சுரப்பிகள் செதில்களின் ஓரத்தை ஒட்டி வரிசையாக நிற்கும், நடுப்பரப்பு வழவழப்பாக இருக்கும். செதிலின் பரப்பு முழுக்கச் சிதறியிருந்தால் அது ஜெர்ரோபைலஸ். பேரினம் மட்டுமல்ல, குடும்பமே வேறு. 2010ல் விடாலும் குழுவினரும் ஜெர்ரோபைலிடே என்று தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். நான்காவது சீட்டில் ‘ராம்ஃபோடிஃப்லாப்ஸ் ப்ராமினஸ்’ என்று இருந்ததை நீங்கள் அப்படியே ‘இண்டோடிஃப்லாப்ஸ்’ ஆக்கியிருந்தால், ஏற்காட்டு ஜெர்ரோபைலஸ் ஒன்று கண்ணுக்கு மறைந்தே போயிருக்கும்.

தென்னிந்தியாவில் 18 வரிசை உள்ளவை ‘பெடோமியை’, ‘டிண்டாலை’ என்ற இனங்கள். இவற்றைப் பிரிக்க முதுகுச் செதில் எண்ணிக்கையும் உடல் நீளத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதமும் வேண்டும். முனைச் செதிலுக்கு அடுத்ததிலிருந்து வால்நுனி முள் வரை நடுமுதுகில் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். 50க்கு ஒரு முறை மெல்லிய ஊசி வைத்து அடையாளமிட்டால் நடுவில் கண் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ப்ராமினஸிலேயே இது 260 முதல் 370 வரை எதுவும் வரலாம் என்பதால் ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். இப்போதைக்கு ‘ஜெர்ரோபைலஸ், இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

பெரியது க்ரைபோடிஃப்லாப்ஸ் அக்யூட்டஸ். அலகு மூக்கு, 24க்கு மேல் வரிசை, 60 செ.மீ. வரை வளர்வது: இந்தியாவில் இந்த மூன்றும் சேர்ந்தது வேறெதற்கும் இல்லை. டுமேரில், பிப்ரான் 1844ல் விவரித்தது. அவர்கள் பெயருக்கும் அடைப்பு உண்டு.

பூந்தொட்டி:
பள்ளி மாணவர்களும் பார்ப்பார்கள் என்றால் தமிழ்ப் பெயர் வேண்டுமே. ‘மண்ணுளிப் பாம்பு’ என்று போடலாமா? மண்ணுக்குள் இருப்பதுதானே.

ஏரிமேடு:
தயவுசெய்து வேண்டாம். மண்ணுளி, இருதலை மணியன் இரண்டும் எரிக்ஸ் ஜானியைக் குறிக்கும் பெயர்கள். அந்தப் பாம்பைக் கோடிக்கணக்கில் விலைபோகும் என்ற புளுகை நம்பிப் பிடித்துக் கடத்துகிறார்கள். புழுப்பாம்புச் சீசாவில் அந்தப் பெயரைப் பார்க்கும் பையன் நாளைக்குத் தொட்டி மண்ணில் இதைக் கண்டால் என்ன நினைப்பான்? டோடான் 1803ல் இரண்டையும் ஒரே பேரினத்தில் போட்டார், அறிவியல் அதை எப்போதோ பிரித்துவிட்டது. தமிழில் நாம் திரும்பச் சேர்க்க வேண்டாம்.

‘செவிப்பாம்பு’ என்ற வழக்கும் உண்டு, காதுக்குள் புகும் என்ற நம்பிக்கையில் வந்தது. அதையும் தலைப்பாகப் போட மாட்டேன். இது எறும்பு, கறையான் முட்டையும் புழுவும் தின்பது, மனிதனைக் கடிக்க இதற்கு வாயே பத்தாது. வால்நுனி முள்ளைக் கொடுக்கு என்கிறார்கள். கையில் எடுத்தால் அதை அழுத்தி ஊன்றும், அவ்வளவுதான், விஷம் இல்லை. ‘புழுப்பாம்பு’ போதும். க்ரைபோடிஃப்லாப்ஸுக்கு ‘அலகுப் புழுப்பாம்பு’ என்று நானாகச் சொல்கிறேன். வழக்கில் இருக்கும் பெயர் கிடைத்தால் அதற்கே முதலிடம்.

மண்புழுவோடு குழப்பம் வராமல் இருக்க சீசா பக்கத்தில் ஒரு வரி: உடலில் வளையம் இருந்தால் மண்புழு, பளபளக்கும் செதிலும் நீட்டி இழுக்கும் நாக்கும் இருந்தால் பாம்பு.

வரிசை_மாறாதவன்:
ராமநாதபுரத்து மணல்வெளியிலிருந்து அன்னன்டேல் 1906ல் ‘அரேனிகோலா’ என்று ஒரு வகை விவரித்தாரே, அது?

பெயர்வழி:
ப்ராமினஸின் ஒத்த பெயர்களில் ஒன்றாகத்தான் இப்போது வைக்கிறார்கள். அந்தப் பட்டியலே ஒரு பயணக் கதை. தென்னாப்பிரிக்காவிலிருந்து ‘கேப்பென்சிஸ்’ 1846ல், தாய்லாந்திலிருந்து ‘கோராட்டென்சிஸ்’ 1962ல். வேர்மண்ணோடும் பூந்தொட்டியோடும் கப்பலேறிப் போன ஒரே பாம்புக்கு இறங்கிய இடமெல்லாம் புதுப்பெயர் வைத்தார்கள். ஆண் தேவையில்லை, ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும். அதனால் புதிய நாட்டில் புதிய குருட்டுப் பாம்பு என்று யார் சொன்னாலும் முதலில் மூக்குப் பிளவைக் கேட்க வேண்டும்.

சீசா_சீட்டு:
நசுங்கிய மூன்றாவதை என்ன செய்வது? இனிமேல் வளாகத்தில் செத்துக் கிடப்பது கிடைத்தால் எப்படிப் பதப்படுத்துவது?

செதில்கணக்கு:
மூன்றாவதற்கு வால் அடியைக் கீறிப் பாருங்கள். ஆண் உறுப்பு இருந்தால் ப்ராமினஸ் அல்ல, விவாதமே முடிந்தது. இல்லையென்றால் பெண் என்பது மட்டும் தெரியும், ப்ராமினஸ் என்று ஆகாது. அப்போது இனப்பெயருக்கு முன் ‘ஒப்பு’ (இதை ஒத்தது, உறுதியில்லை) என்று சேர்த்து, தலை சிதைந்தது என்று குறிப்பு எழுதுங்கள்.

புதிதாகக் கிடைத்தால், வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், செத்ததற்கும்தான். பிறகு ஃபார்மலின் தொடும் முன்னே ஈரல் துண்டு, அரிசி அளவு, 95 சதவீத எத்தனாலில் தனிக் குப்பியில். அதே எண்ணைக் குப்பியிலும் உடலிலும் கட்டுங்கள். ஃபார்மலினில் போட்டபின் டிஎன்ஏ சிதைந்துவிடும், மேலே சொன்ன தாய்வழி, தகப்பன்வழிக் கேள்விக்கெல்லாம் அந்த அரிசி அளவுதான் பதில் சொல்லும். கடைச் ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. இன்சுலின் ஊசியால் வயிற்றில் நான்கைந்து இடத்தில் ஏற்றுங்கள். அதிகம் ஏற்றினால் செதில்கள் விலகி எண்ணிக்கை கெடும், குறைந்தால் நடுவில் அழுகிக் கறுக்கும். தட்டில் நேராகக் கிடத்தி வையுங்கள். சுருண்டு இறுகினால் பிறகு நிமிராது, நிமிர்த்தினால் ஒடியும். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

பழைய சீட்டுகளை எறியாதீர்கள். மடித்து அதே சீசாவுக்குள் போடுங்கள். புதியது பென்சிலில் அல்லது சாராயத்தில் கரையாத மையில்.

சீசா_சீட்டு:
எழுதியது இது. பேரினமும் இனமும் ரோமன் எழுத்தில் சாய்வாக, தமிழ் கீழே.

1, 2: இண்டோடிஃப்லாப்ஸ் ப்ராமினஸ் (டோடான், 1803). புழுப்பாம்பு. திருச்சி. வரிசை 20-20-20, கீழ் மூக்குப் பிளவு கண்முன் செதிலில்.
3: இண்டோடிஃப்லாப்ஸ், ஒப்பு ப்ராமினஸ். பெண். தலை சிதைந்தது.
4: ஜெர்ரோபைலஸ், இனம் உறுதியில்லை. ஏற்காடு. வரிசை 18-18-18. முன்பு ராம்ஃபோடிஃப்லாப்ஸ் ப்ராமினஸ் என்று எழுதப்பட்டது.
5: க்ரைபோடிஃப்லாப்ஸ் அக்யூட்டஸ் (டுமேரில், பிப்ரான், 1844). 41 செ.மீ. வரிசை 28. இடம் இல்லை.

நான்காவதின் முதுகுச் செதில் எண்ணிக்கையை அடுத்த பதிவில் போடுகிறேன். 150 வரை வந்திருக்கிறேன், ஊசி மூன்று நிற்கிறது.